பேட்டன்ட் ஏஜென்டிடம் போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட் உதிரிபாகங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. சொந்தமாக ஒரு ஃபுட் வால்வ் செய்து, அதற்குக் காப்புரிமை வாங்கப் போனதில் 2016 முதல் 2021 வரை ஐந்து வருடங்கள் போயின. நமக்காக விண்ணப்பம் எழுதிப் போடும் பேட்டன்ட் ஏஜென்சிக்கும் ஏஜென்டுக்குமாக 1,13,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கைக்கு வந்த காப்புரிமை, நான் கண்டுபிடித்ததில் பாதியைத்தான் காப்பாற்றுகிறது. மீதிப் பாதியை இன்னொருவர் செய்து விற்கிறார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் தொழிலில் புதிதாக ஏதாவது செய்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால், எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றது புரியும். கிணற்றிலோ குட்டையிலோ மோனோபிளாக் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு ஃபுட் வால்வ் தெரியும். சக்ஷன் பைப்பின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும். மோட்டார் நின்றதும் மூடிக்கொண்டு பைப்பில் இருக்கும் தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும். அதைச் சுற்றி ஒரு சல்லடை. பாசி, வேப்பிலை, தென்னஞ்சோகை எல்லாம் இந்தச் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். தண்ணீர் குறையும், மோட்டார் சூடாகும், அப்புறம் பைப்பையே மேலே தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நான் செய்தது இதுதான்: மோட்டார் நின்ற கணமே வால்வ் மூடாமல் இரண்டு மூன்று விநாடி தாமதமாக மூடும்படி வைத்தேன். அந்த நேரத்துக்குள், பம்பிலிருந்து மேலே போகும் டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கி, சல்லடைக்கு உள்ளிருந்து வெளியே பாய்ந்து, ஒட்டியிருப்பதைத் தள்ளிவிடும். டெலிவரி பைப் முழுக்கக் காலியாவதற்குள் வால்வ் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் காற்றுப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தைக் கொடுப்பது ஒரு சிறு பிஸ்டன், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், பிஸ்டன் அறையிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிய ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையின் அளவும் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வேலை செய்யும். இந்தப் பொருத்தத்தைப் பிடிக்கத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது. கண்டுபிடிப்பின் உயிர் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

2016 ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சியில் இதை வைக்கலாம் என்று ஒரு பம்ப் டீலர் சொன்னார். காட்சிக்கு வைப்பதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பொது இடத்தில் காட்டிவிட்டாலோ விற்றுவிட்டாலோ அது புதியது என்ற தகுதி போய்விடும். மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்ட கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. நாம் போகிற வழக்கமான வணிகக் கண்காட்சிகளை அப்படி நினைத்துக்கொண்டு போகவே கூடாது. அதனால் அவசரமாக இணையத்தில் தேடி, வேறு ஊரில் இருந்த ஒரு பேட்டன்ட் ஏஜென்சியைப் பிடித்தேன். போனில் பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். "சார், எல்லாம் சேர்த்து 45,000, முழு பேக்கேஜ், பேட்டன்ட் கன்ஃபார்ம்" என்றார். இரண்டே நாளில் தற்காலிக விண்ணப்பம் போட்டு எண் வாங்கிக் கொடுத்தார்கள். எண் கையில் வந்ததும் எனக்குக் காப்புரிமையே கிடைத்துவிட்டது போல இருந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். கண்காட்சியில் "பேட்டன்ட் விண்ணப்பிக்கப்பட்டது" என்று பலகை வைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தற்காலிக விண்ணப்பம், அதாவது புரொவிஷனல், நமக்கு ஒரு தேதியைத்தான் பிடித்துக் கொடுக்கிறது. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை முழுதாக விவரிக்கும் ஆவணத்தை, தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்தத் தேதியும்கூட அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான். எழுதாமல் விட்டதைக் கண்காட்சியில் காட்டிவிட்டால், பிறகு அதைச் சேர்க்கப் போகும்போது நம் பொருளே நமக்கு எதிராக நிற்கும். எனக்கு ஏஜென்சி எழுதிய புரொவிஷனல் ஒரு பக்கம்கூட முழுசாக வரவில்லை. நல்ல வேளையாக, டிப்ளமா படிக்கும் அக்கா மகன் வரைந்து கொடுத்த வெட்டுத்தோற்றப் படம் ஒன்றை நான் அனுப்பியிருந்தேன், அதை அப்படியே பின்னால் இணைத்திருந்தார்கள். அந்த ஒரு படம் பின்னால் என்னைக் காப்பாற்றியது, அதை வரும் இடத்தில் சொல்கிறேன். நீங்கள் புரொவிஷனல் போடும்போது, கையால் வரைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் தெரியும் படத்தையும், நீங்கள் பட்டறையில் சோதித்த அளவுகளையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

கண்காட்சி நன்றாகப் போனது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாங்கிப் போனார்கள். நான் வியாபாரத்தில் இறங்கிவிட்டேன். ஏஜென்சியிடம் முழு விவரக்குறிப்பு எப்போது வரும் என்று அவ்வப்போது கேட்பேன், "டிராஃப்டிங் டீம்ல இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். யார் எழுதுகிறார், அவரிடம் நான் பேசலாமா என்றால், "தேவைப்பட்டா அவங்களே கூப்பிடுவாங்க" என்பார்கள். யாரும் கூப்பிடவில்லை. 12 மாதம் முடிவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் மெயிலில் டிராஃப்ட் வந்தது. ஆங்கிலத்தில் பதினைந்து பதினாறு பக்கம். நான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஃபுட் வால்வ் என்றால் என்ன, விவசாயத்தில் பம்பின் பயன் என்ன என்று பாதிக்கு மேல் பொதுவான கதை. என் பிஸ்டனும் ஓட்டையும் வரவேண்டிய இடத்தில், வால்வ் தாமதமாக மூடும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. உடனே போன் செய்து, ஓட்டை எங்கே, ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். "சார், விவரம் கூடக் கூட காப்பி அடிக்கிறவனுக்கு நாமளே வழி காட்டின மாதிரி. பொதுவா எழுதினாத்தான் கிளெய்ம் பலமா இருக்கும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஓகேனு ஒரு மெயில் போட்டுடுங்க, இல்லைன்னா அப்ளிகேஷனே போயிடும்" என்றார். கெடு மறுநாள். வேறு யாரிடமும் கேட்க நேரமில்லை. மெயில் போட்டேன்.

அவர் சொன்னது சட்டத்துக்கே எதிரானது என்று பிறகு தெரிந்தது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கண்டுபிடிப்பை முழுமையாக விவரிக்க வேண்டும், விண்ணப்பதாரருக்குத் தெரிந்த ஆகச் சிறந்த செயல்முறையை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அரசு 20 வருடம் தனியுரிமை கொடுப்பதே நாம் அதை ஊருக்குத் திறந்து காட்டுகிறோம் என்பதற்காகத்தான். கிளெய்ம் என்பது வேறு, விவரணை என்பது வேறு. விவரணையில் எல்லாவற்றையும் கொட்டி எழுத வேண்டும். கடைசியில் வரும் கிளெய்ம்களில்தான், இந்த எல்லைக்குள் யாரும் வராதே என்று வேலி போடுகிறோம். முதல் கிளெய்ம் அகலமாக இருக்கலாம். அதன்பின் அதைச் சார்ந்து, ஓட்டையோடு கூடியது, ஸ்பிரிங்கோடு கூடியது, இந்த அளவு கொண்டது என்று ஒவ்வொன்றாகக் குறுகி வரவேண்டும். அகலமான வேலி விழுந்தால் அடுத்த வேலி நிற்கும். எனக்கு எழுதியதில் ஒரே ஒரு அகலமான கிளெய்மும், சல்லடை துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்பது போன்ற பயனற்ற சில துணைக் கிளெய்ம்களும்தான் இருந்தன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 59ஆம் பிரிவு. தாக்கல் செய்துவிட்ட விவரக்குறிப்பில் பிறகு புதிய விஷயம் எதையும் நுழைக்க முடியாது. திருத்தலாம், குறைக்கலாம், விளக்கலாம். முதலில் இல்லாததைச் சேர்க்க முடியாது. ஏஜென்டுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஆகப் பெரிய மதிப்பு இந்த விவரக்குறிப்புக்குத்தான். ஃபார்ம் நிரப்புவதும் ஆன்லைனில் ஏற்றுவதும் ஒரு நாள் வேலை. உங்கள் இயந்திரத்தைப் புரிந்துகொண்டு எழுதுகிற அந்த ஆள் யார் என்பதை முதல் நாளே கேளுங்கள். அவரோடு நேரில், முடியாவிட்டால் வீடியோவிலாவது பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே முதல் டிராஃப்ட் வரவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். முழு பேக்கேஜ் என்றவர்கள், முழு விவரக்குறிப்பு போடும்போது அரசுக் கட்டணம் என்று 8,000 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை ஆராய்ந்து பார்ப்பதைப் பரிசோதனை என்பார்கள், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 15,000 வாங்கினார்கள். எனக்குப் பின்னால் தெரிந்த கணக்கு இது: தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். புரொவிஷனல் போடும்போது அதைக் கட்டிவிட்டால், பிறகு முழு விவரக்குறிப்பு போடும்போது 30 பக்கம், 10 கிளெய்ம் வரைக்கும் தனிக் கட்டணமே கிடையாது. பரிசோதனைக்கான ஃபார்ம் 18க்குத் தனிநபருக்கு 4,000. 8,000, 20,000 என்பதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கான கட்டணம். இப்போது சிறு நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும் கல்வி நிறுவனங்களும் தனிநபர் கட்டணமே கட்டினால் போதும், சிறு நிறுவனம் என்றால் சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழோடு ஃபார்ம் 28 கொடுக்க வேண்டும். ஆக, அந்த 8,000 ரூபாய் அரசுக்குப் போகவே இல்லை. ரசீது கேட்டபோது, உள்கணக்கு என்றார்கள். ஏஜென்டின் உழைப்புக்கு அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும், அது பேசி முடிவு செய்ய வேண்டியது. அரசுக் கட்டணத்தை மட்டும் தனி வரியில் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காப்புரிமை அலுவலக ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தேடல் (இப்படி ஒன்று முன்பே இருக்கிறதா என்று பார்ப்பது), எழுதுதல், தாக்கல், ஆட்சேபணைக்குப் பதில், விசாரணை என்று ஐந்தாகப் பிரித்துத் தொகை கேளுங்கள். பேக்கேஜ் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் மூன்றை மட்டும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. உலகம் முழுவதற்கும் சேர்த்து சர்வதேசக் காப்புரிமை எடுத்துத் தருகிறோம், ஒன்றரை லட்சம் ஆகும் என்று தொடர்ந்து போன் செய்தார்கள். அப்படி ஒரு காப்புரிமையே உலகத்தில் கிடையாது. பி.சி.டி. என்ற ஒப்பந்தத்தின்கீழ் ஒரே விண்ணப்பம் போட்டு அவகாசம் வாங்கலாம். அதன்பின் நாம் முதலில் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து பொதுவாக 30, 31 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் போய், அந்தந்த நாட்டு ஏஜென்டுக்கும் அரசுக்கும் பணம் கட்டியாக வேண்டும். என் சரக்கு திருப்பூர் தாண்டி ஈரோடு போவதே பெரிய விஷயமாக இருந்த நேரம் அது. கையில் காசில்லாததால் அந்த வலையில் விழவில்லை. ஏற்றுமதி செய்கிற எண்ணம் உண்மையிலேயே இருப்பவர்கள் மட்டும், இந்தியாவில் போட்ட தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019இல் ஒரு நாள் இன்னொரு பட்டறைக்காரர், விண்ணப்ப எண்ணைப் போட்டால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் நிலவரம் தெரியும் என்று சொன்னார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. போட்டுப் பார்த்தேன். முதல் பரிசோதனை அறிக்கை, எஃப்.இ.ஆர். என்பார்கள், வந்து நான்கு மாதம் தாண்டியிருந்தது. அப்போதைய விதிப்படி பதில் தர ஆறு மாதம்தான் கெடு. கேட்டு மூன்று மாதம் நீட்டிக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். அதற்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஏஜென்சிக்குப் போன் செய்தால், பதில் எழுத 25,000 ஆகும், உங்களிடம் சொல்லத்தான் இருந்தோம் என்றார்கள். அலுவலகத்திலிருந்து வரும் எல்லாத் தபாலும் மெயிலும், விண்ணப்பத்தில் தொடர்புக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போகும். என் விண்ணப்பத்தில் என் மெயில் இருக்க வேண்டிய கட்டத்திலும் அவர்களுடைய மெயிலே இருந்தது. விண்ணப்பப் படிவமான ஃபார்ம் 1 தாக்கலாவதற்கு முன் அதை வாங்கிப் பாருங்கள். கண்டுபிடித்தவர் பெயர், விண்ணப்பதாரர் பெயர், உங்கள் மெயில், உங்கள் போன் நான்கும் சரியாக இருக்க வேண்டும். அப்புறம் மாதம் ஒரு முறை நீங்களே நிலவரத்தைப் பாருங்கள். இலவசம், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

அந்த அறிக்கையைப் படித்த ராத்திரி தூங்கவில்லை. அமெரிக்காவில் பதிவான இரண்டு பழைய காப்புரிமைகளைக் காட்டியிருந்தார்கள். ஒன்றில், பம்பிலிருந்து ஒரு சிறு குழாயில் திரும்பி வரும் தண்ணீர் உள்ளிருந்து பீய்ச்சிச் சல்லடையைச் சுத்தம் செய்கிறது. திரும்பி வரும் நீரால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சல்லடை என்ற என் அகலமான கிளெய்ம் அதற்குள் அப்படியே அடங்கிவிட்டது. கூடவே 3(எஃப்) பிரிவின்கீழ் ஒரு ஆட்சேபணை: தெரிந்த பொருள்களை வெறுமனே சேர்த்து அடுக்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வேலை செய்கிறது என்று. நான் இரண்டு வருடம் மல்லுக்கட்டிய அந்த ஓட்டையைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. பரிசோதகரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்த காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட இல்லையே. முதலிலேயே ஒரு தேடல் செய்திருந்தால் அந்த அமெரிக்கக் காகிதங்கள் அன்றே கிடைத்திருக்கும், எதை வலியுறுத்தி எழுத வேண்டும் என்பதும் அன்றே தெரிந்திருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸில் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடலாம். ஆங்கிலம் சிரமம் என்றால் படங்களை மட்டும் பாருங்கள், தொழில் தெரிந்தவனுக்குப் படம் போதும். சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது, தேடலுக்கு வழிகாட்டுவார்கள். படிப்பில்லாத, அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் குஜராத்தில் இருக்கும் தேசிய புத்தாக்க நிறுவனம் தன் செலவிலேயே காப்புரிமை விண்ணப்பம் போட்டுத் தருகிறது. ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசில் பதிவு செய்தவர்களுக்கு, 2016இல் தொடங்கிய எஸ்.ஐ.பி.பி. திட்டத்தில் ஏஜென்டின் கட்டணத்தை அரசே கொடுக்கிறது, அரசுக் கட்டணம் மட்டும் நம் பொறுப்பு. இவை எல்லாம் எனக்குக் காலம் கடந்து தெரிந்தவை.

இரண்டாவது ஏஜென்டைத் தேடும்போது வேறு மாதிரித் தேடினேன். பதிவு பெற்ற காப்புரிமை ஏஜென்டுகளின் பட்டியல் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஐ.என்./பி.ஏ. என்று தொடங்கும் எண் உண்டு. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறித்தான் அந்த எண்ணை வாங்குகிறார்கள். சட்டப் படிப்பு கட்டாயமில்லை. நான் முதலில் பேசிய ஏஜென்சிக்காரருக்கு அந்த எண் கிடையாது, எங்கோ ஒருவருடைய எண்ணில் தாக்கல் செய்து வந்திருக்கிறார். எனக்கு இயந்திரவியல் படித்தவர் வேண்டும் என்று முடிவு செய்து, சிலரிடம் பேசி, அவர்கள் முன்பு எழுதிய விண்ணப்பங்களின் எண்களைக் கேட்டேன். பிரசுரமான விண்ணப்பம் என்றால் விவரக்குறிப்பு, ஆட்சேபணை, அதற்கு அவர் எழுதிய பதில், கடைசி உத்தரவு எல்லாமே பொதுவெளியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு ஏஜென்டை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சிலர் எண் கொடுக்கத் தயங்கினார்கள். சென்னையில் ஒரு மேடம், கேட்ட உடனே நான்கைந்து எண்கள் அனுப்பினார். ஒரு கியர் பெட்டியைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தப் பெட்டியை நான் லேத்தில் செய்துவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. அன்றே முடிவு செய்தேன்.

ஏஜென்டை மாற்றுவது பெரிய சண்டை என்று பயந்திருந்தேன். அப்படியில்லை. பழைய அதிகாரத்தை ரத்து செய்கிறேன் என்று சொல்லிப் புதியவருக்கு ஃபார்ம் 26 கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். மேடம் கெடுவை நீட்டிக்க முதலில் விண்ணப்பித்தார். அடுத்து கோவை வந்தபோது பட்டறைக்கே வந்து, வால்வைக் கழற்றிக் காட்டச் சொன்னார். "சார், இந்தப் பிஸ்டனும் ஓட்டையும் விவரக்குறிப்பில் எந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். சேர்க்கலாமா என்றதற்கு முடியாது என்று நேராகச் சொன்னார். புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடலாமா என்றேன். மூன்று வருடமாக விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், முதல் விண்ணப்பமும் பிரசுரமாகிவிட்டது, உங்கள் பொருளே உங்களுக்குத் தடை என்றார். நம்பிக்கை கொடுத்துப் பணம் வாங்காமல் இப்படி உள்ளதைச் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அப்புறம் அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அக்கா மகன் வரைந்த அந்த வெட்டுத்தோற்றப் படத்தில் வந்து நின்றார். அதில் பிஸ்டனும் ஸ்பிரிங்கும், பிஸ்டனின் தலையில் அந்த ஓட்டையும் துல்லியமாகத் தெரிந்தன. முழு விவரக்குறிப்பிலும் அந்தப் படம் இருந்தது, விளக்கம்தான் இல்லை. படமும் வெளிப்படுத்தியதில் சேரும், இதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம் என்றார்.

கிளெய்மை அந்தப் படத்தில் உள்ள அமைப்புக்குள் குறுக்கி எழுதினார். 3(எஃப்) ஆட்சேபணைக்கு, ஸ்பிரிங், ஓட்டை, வால்வ் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து சேர்ந்துதான் அந்தத் தாமதத்தைத் தருகின்றன, எதை எடுத்தாலும் மற்றது பயனற்றது என்று விளக்கினார். 2020 கடைசியில் காணொலி வழியாக விசாரணை நடந்தது, கொரோனா காலம். நானும் உட்கார்ந்திருந்தேன். முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர், இந்த ஓட்டையின் வேலையைப் படம் மட்டுமே பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். மேடம், தாமதமாக மூடும் என்ற அந்த ஒற்றை வரியையும் படத்தையும் இணைத்துக் காட்டி, பம்ப் தொழில் தெரிந்த எவருக்கும் இது புரியும் என்றார். விசாரணைக்குப் பின் 15 நாளுக்குள் எழுத்துபூர்வ வாதத்தைக் கொடுக்க வேண்டும், கொடுத்தோம். 2021 மார்ச்சில் காப்புரிமை வந்தது. பதிலுக்கு 30,000, விசாரணைக்கு 15,000 வாங்கினார். ஏஜென்சிக்கு நான் கொடுத்த 68,000 ரூபாயோடு ஒப்பிட்டால், என் வாழ்க்கையில் நியாயமாகக் கொடுத்த பணம் இது.

ஆனால் காப்புரிமை, பிஸ்டன் தலையில் ஓட்டை உள்ள அமைப்புக்கு மட்டும்தான். அடுத்த வருடமே ஒரு நிறுவனம் அதே வால்வை, ஓட்டையைப் பிஸ்டன் தலையிலிருந்து எடுத்து அறையின் சுவரில் போட்டு விற்க ஆரம்பித்தது. வேலை அதேதான், தாமதமும் அதேதான். வழக்குப் போடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். கிளெய்மில் தலை என்று எழுதியிருக்கும்போது சுவரை அதற்குள் கொண்டுவருவது கடினம், மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ வருடக்கணக்கில் நடக்கும் என்றார். இரட்டை ஸ்பார்க் பிளக் விஷயத்தில் பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் 2007இல் சென்னையில் தொடங்கிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த கதை. அவ்வளவு பெரிய நிறுவனங்களே ஒரு கிளெய்மின் சொற்களைப் பிடித்துக்கொண்டு அத்தனை காலம் போராட வேண்டியிருந்தது. நான் வழக்குப் போடவில்லை. அந்த வால்வைக் கடையில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கத்தான் செய்கிறது. அறையின் சுவரில் ஓட்டை போடுவதை நானே பட்டறையில் செய்து பார்த்திருக்கிறேன். யாராவது நேரில் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

2022இல் இதன் அடுத்த வடிவத்துக்கு, கிணற்று மேலிருந்தே தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு, விற்பனைக்கு விடும் முன் புதிய விண்ணப்பம் போட்டோம். தேடலும் எழுதுவதும் சேர்த்து 40,000. இந்த முறை மேடம் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பெரிய பாடம். ஸ்பிரிங் இல்லாமல் ரப்பரால் செய்ய முடியுமா, எடைக்கல்லால் முடியுமா, ஓட்டைக்குப் பதில் இடைவெளி விட்டால் என்ன ஆகும், எந்த அளவுக்குக் கீழே போனால் வேலை செய்யாது, உங்கள் போட்டிக்காரராக இருந்தால் இதை எப்படி மாற்றிச் செய்வீர்கள் என்று ஒரு முழு நாள் கேட்டார். ஒவ்வொரு பதிலும் விவரக்குறிப்பில் ஏறியது, படமும் போடப்பட்டது. நீங்கள் ஏஜென்டைப் பார்க்கப் போகும் முன் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நோட்டில் தமிழிலேயே பதில் எழுதி எடுத்துப் போங்கள். நல்ல ஏஜென்ட் அந்த நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அதைப் புரட்டக்கூட விரும்பாதவர் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இன்னும் சில விஷயங்கள், யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை. காப்புரிமை கிடைத்த உடன் மூன்றாம் வருடத்திலிருந்து சேர்ந்த புதுப்பித்தல் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும், எனக்கு வருடத்துக்கு 800 வீதம் 2,400 ரூபாய் ஆனது. ஏழாம் வருடத்திலிருந்து 2,400 ஆக ஏறும். கட்டாமல் விட்டால் காப்புரிமை காலாவதியாகிவிடும், ஏஜென்ட் நினைவுபடுத்துவார் என்று காத்திருக்கக் கூடாது. பொருளை இந்தியாவில் செய்து விற்கிறோமா என்பதை ஃபார்ம் 27இல் சொல்ல வேண்டும். முன்பு வருடாவருடம், 2024 விதித்திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை. அதே திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது: 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு, பரிசோதனை கேட்கும் ஃபார்ம் 18ஐ முதலில் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், முன்பு 48 மாதம் இருந்தது. பழைய கணக்கைச் சொல்லி இன்னும் நேரம் இருக்கிறது என்பவர்களை நம்பி உட்கார்ந்திருந்தால், அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்பட்டுவிடும்.